தேவி, தோனா, தெய்யோ

கண்டிச் சீமை – வரலாற்றுத் தொடர் – 19

கரலியத்த பண்டார போரில் சாகவில்லை. வைசூரியில் செத்தான்.

1582-ஆம் ஆண்டு வாக்கில் சீதாவாக்கை இராஜசிங்கனின் படை மலையேறி வந்து கண்டியைப் பிடித்தது. அரசன் மனைவியையும் சின்னஞ்சிறு மகளையும் கூட்டிக்கொண்டு கிழக்கே இறங்கி, காடும் வெட்டையும் கடந்து திருகோணமலைப் பக்கம் போய்ச் சேர்ந்தான். துரத்தி வந்த படைக்குத் தப்பியவனை அங்கே அம்மை பிடித்துக்கொண்டது. அரசன் போனான், அரசியும் போனாள். குழந்தை மிஞ்சியது.

மிஞ்சிய குழந்தையின் பெயர் குசுமாசன தேவி. குசுமம் என்றால் பூ. பூவை ஆசனமாகக் கொண்ட தேவி. தாமரையில் இருக்கும் திருமகளை நினைத்து வைத்தார்களோ, வெண்தாமரைக்காரியை நினைத்து வைத்தார்களோ, எப்படியும் ஒரு பெண் தெய்வத்தின் பெயர். தாய் தகப்பன் இல்லாத அந்தப் பிள்ளையை அரசனின் மருமகன் யமசிங்க பண்டார போர்த்துக்கேயரிடம் ஒப்படைத்தான். அவர்கள் மன்னாரில் வைத்து வளர்த்தார்கள். ஞானஸ்நானம் கொடுத்தார்கள். பெயரையும் மாற்றினார்கள்: தோனா கத்தரீனா.

கடந்த வாரங்களில் கணவாய்களையும் கோட்டைகளையும் பீரங்கிகளையுமே சுற்றிச்சுற்றி வந்துவிட்டோம். இந்த வாரம் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, அந்தப் பெயர் மாற்றத்தில் ‘தேவி’ எங்கே போனாள் என்று பார்ப்போம். சின்ன விஷயந்தான். ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு போனால் மட்ரிட் வரைக்கும் மெக்சிகோ வரைக்கும் போய், திரும்பவும் தலதா மாளிகைக்குப் பக்கத்திலேயே வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

மட்ரிட்டுக்கு ஏன் போக வேண்டும்? கொழும்பிலும் மன்னாரிலும் இருந்தவர்கள் போர்த்துக்கேயர்தானே என்று கேட்கலாம். போர்த்துக்கேயர்தான். ஆனால் 1580-இல் ஸ்பானிய அரசன் இரண்டாம் பிலிப்பு லிஸ்பனின் முடியையும் எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டான். 1640 வரை அறுபது ஆண்டுகள் இரண்டு முடிக்கும் ஒரே தலை. கண்டி அரச குடும்பம் ஞானஸ்நானத் தொட்டிக்குப் போனது அந்தக் காலத்தில். அதனால் அவர்களுக்குக் கிடைத்த பெயர்களில் ஸ்பானிய அரண்மனை வாசம் அடிக்கிறது. யமசிங்க பண்டார, தொம் பிலிப்பு ஆனான். பேராதனைப் பக்கத்துப் பிரபு வீட்டுப் பிள்ளை கோணப்பு பண்டாரவுக்கு இன்னும் பெரிய பெயர்: தொம் ஜோவாவ் த அவுஸ்திரியா. பிலிப்பு மன்னனின் மாற்றாந்தாய்ச் சகோதரன், 1571-இல் லெப்பாந்தோக் கடற்போரில் துருக்கியரை வென்ற தளபதி, அவனுடைய பெயர் அது. மத்தியதரைக் கடலில் சம்பாதித்த பெயரை மகாவலிக் கரைக்காரன் ஒருவன் சுமந்துகொண்டு திரிந்தான்.

சரி, தோனா. ஸ்பானியத்தில் தோஞா, போர்த்துக்கேயத்தில் தோனா. இரண்டும் ‘தோமினா’ என்ற இலத்தீன் சொல்லின் பிள்ளைகள். பொருள், வீட்டுத் தலைவி. நம் ‘நாச்சியார்’ போல ஒரு மரியாதைச் சொல். அதாவது தேவியாக இருந்தவள் நாச்சியார் ஆனாள். தகுதி குறைந்ததா கூடியதா என்பது பார்க்கிறவர்களைப் பொறுத்தது. ஆனால் ‘தேவி’யை அப்படியே அவர்கள் மொழிக்குக் கொண்டு போக வழியே இல்லாமல் இருந்தது. ஏனென்றால் அவர்களிடம் அதற்கு இருந்த சொல் ‘தியோசா’.

தியோசா என்பதுதான் ஸ்பானியத்தில் பெண் தெய்வம். போர்த்துக்கேயத்தில் தேயுசா. அந்தச் சொல் பிறந்த விதத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். இலத்தீனில் ஆண் தெய்வத்துக்கு ‘தேயுஸ்’, பெண் தெய்வத்துக்கு ‘தேயா’. இத்தாலியன் தேயாவை அப்படியே வைத்துக்கொண்டது. ஸ்பானியம் அப்படிச் செய்யவில்லை. தேயுஸை ‘தியோஸ்’ ஆக்கி, அதன் வாலில் பெண்பால் ‘ஆ’வை ஒட்டித் தியோசாவைச் செய்துகொண்டது. வாத்தியார், வாத்தியாரம்மா மாதிரி. முதலில் அவர், பிறகு அவரை வைத்து அவள்.

செய்த சொல்லை வீட்டில் வைத்திருந்தார்களா என்றால் அதுவும் இல்லை. கடவுள் ஒருவர் என்று நம்புகிறவர்களுக்குத் தியோசா எப்போதுமே அடுத்த வீட்டுக்காரர்களின் தெய்வம். ரோமர்களின் வீனஸ் தியோசா. கிரேக்கரின் அதீனா தியோசா. மாதாவை மட்டும் அப்படிச் சொல்லக்கூடாது. எத்தனை பொன்முடி சூட்டினாலும், எத்தனை பல்லக்கில் தூக்கினாலும், செவில் நகரத் தெருவில் எவ்வளவு கண்ணீர் விட்டு அழுதாலும், அவள் ‘நுவேஸ்த்ரா செஞோரா’, அதாவது எங்கள் நாயகி. கன்னி, அரசி, அன்னை, எது வேண்டுமானாலும் சொல்லலாம். தியோசா என்றால் வாய் கழுவ வேண்டும். நம்மூர்க் கத்தோலிக்கரையும் பாருங்கள். ‘தேவமாதா’ என்பார்கள், ‘தேவதாய்’ என்பார்கள். மரியாளைத் ‘தேவி’ என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஓர் எழுத்து இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போனால் சமயமே மாறிவிடும்.

இன்றைக்கு அந்தச் சொல் வேறு வேலைக்குப் போய்விட்டது. மட்ரிட் நகர நடுவில் சிங்கங்கள் இழுக்கும் தேரில் சிபேலெஸ் என்ற பழைய ஆசியாமைனர்த் தெய்வம் கல்லாக உட்கார்ந்திருக்கிறாள். ரியல் மட்ரிட் கிண்ணம் வென்றால் ரசிகர்கள் போய்க் கூத்தாடுவது அவள் காலடியில்தான். சினிமா நடிகைகள் தியோசா. ஆர்ஜென்டீனாவில் சிநேகிதியின் புதுச்சட்டை நன்றாக இருந்தாலே ‘நீ ஒரு தியோசா’. மெக்சிகோவின் பெரிய நட்சத்திரம் மரியா பெலிக்ஸுக்கு மட்டும் மக்கள் வைத்த பட்டப்பெயர் ‘லா தோஞா’. தியோசாக்கள் நிறையப் பேர் இருந்த ஊரில், தோஞா என்றால் அவள் ஒருத்தி.

மெக்சிகோ என்றதும் இன்னொன்று சொல்லியாக வேண்டும். அதே இரண்டாம் பிலிப்பின் ஆட்சிக்கு உட்பட்ட நாடு அது. அங்கே பெர்னார்தீனோ த சகாகுன் என்ற பிரான்சிஸ்கன் துறவி பல்லாண்டுகள் இருந்து, நாவத்ல் மொழி படித்து, அந்த மக்களின் தெய்வங்களையும் வழக்கங்களையும் பன்னிரண்டு புத்தகங்களாக எழுதி வைத்தார். நாவத்லில் தெய்வத்துக்கு ‘தெயோத்ல்’ என்று ஒரே சொல். ஆண்பால் பெண்பால் விகுதி கிடையாது. ஸ்பானியம் எழுதினால் பிரித்துத்தான் ஆக வேண்டும்: இது தியோஸ், இது தியோசா. துறவியின் உண்மையான மனக்கஷ்டம் வேறு இடத்தில் இருந்தது. தெபெயாக் குன்றில் குவாதலூப்பே மாதா கோயிலுக்கு மக்கள் சாரிசாரியாக வந்தார்கள். வந்தவர்கள் மாதாவைத் ‘தொனான்ட்சின்’ என்று அழைத்தார்கள். முன்பு அதே குன்றில் இருந்த பழைய தெய்வத்தையும் அவர்கள் அப்படித்தான் அழைத்தார்கள். அந்தச் சொல்லுக்குப் பொருள், ‘எங்கள் அம்மா’. கடைசியில் உள்ள ‘ட்சின்’ மரியாதை விகுதி. இவர்கள் யாரைக் கும்பிடுகிறார்கள் என்று சகாகுன் புலம்பினார். அவர் புலம்பலில் நியாயம் இருந்தது. ‘அம்மா’ என்று ஒருத்தி கூப்பிட்டால் எந்த அம்மாவை என்று எந்தச் சபை விசாரிக்க முடியும்?

இதை மனதில் வைத்துக்கொண்டு நம் கண்டிக்கு வருவோம்.

1594-இல் தோனா கத்தரீனா ஊர் திரும்பினாள். தானாகத் திரும்பவில்லை. தளபதி பேத்ரோ லோப்பெஸ் த சூசா பெரும்படையோடு அவளைக் கொண்டுவந்து கண்டி அரியணையில் இருத்தினான். அதற்குள் தொம் பிலிப்பு இறந்து, கோணப்பு பண்டார போர்த்துக்கேயருக்கு எதிராகத் திரும்பி நாட்டைத் தன் கையில் எடுத்திருந்தான். அரச இரத்தம் வந்துவிட்டதென்று மலைநாட்டுச் சனங்களுக்கு முதலில் மகிழ்ச்சி. ஆனால் தங்கள் இளவரசியைத் தாங்களே கிட்டப்போய்ப் பார்க்க முடியவில்லை. சுற்றிலும் பறங்கிக் காவல். அவளைப் பறங்கிக்கே கட்டி வைக்கப் போகிறார்கள் என்று பேச்சுப் பரவியது. நம்பிக்கைத் துரோகம் என்ற சந்தேகத்தில், கூட வந்த லஸ்கரின்களின், அதாவது உள்ளூர்ச் சிப்பாய்களின், தலைவன் ஜயவீர பண்டாரவைப் போர்த்துக்கேயர் கொன்றார்கள். அவன் ஆட்கள் இரவோடிரவாகக் கலைந்தார்கள். மிச்சப் படை பின்வாங்கும்போது, பிலிமத்தலாவைக்குக் கிட்டவுள்ள தன்துரையில் கோணப்பு மடக்கினான். தப்பியவர்கள் மிகக் குறைவு.

இளவரசி கோணப்புவின் கையில் அகப்பட்டாள். அவளை மணந்துகொண்டதால் அவனுக்கு அரியணை உரிமையும் வந்தது. அவுஸ்திரியப் பெயரைத் தூக்கிப் போட்டுவிட்டு விமலதர்மசூரியன் ஆனான். புத்தரின் தந்ததாதுவைக் கண்டிக்குக் கொண்டுவந்து மாளிகை கட்டியவன் அவனே. அரசியை வரலாறு இரண்டு பெயரிலும் எழுதுகிறது. எனக்கென்னவோ அவள் இரண்டையும் கடைசிவரை வைத்திருந்தாள் என்றே தோன்றுகிறது. 1602-இல் ஒல்லாந்துக் கப்பல் தலைவன் ஸ்பில்பெர்கன் மட்டக்களப்பில் இறங்கிக் கண்டிக்கு வந்தான். அரசன் அவனை உள்ளே அழைத்துப்போய் அரசியைக் காட்டினான். அரசியும் பிள்ளைகளும் கிறிஸ்தவர்களின் பாணியில் உடுத்தியிருந்ததாக அவன் குறிப்பு. மலைநாட்டு அரண்மனைக்குள், பௌத்த அரசனின் மனைவியாக, ஐரோப்பிய கவுணில் குசுமாசன தேவி. விமலதர்மசூரியன் 1604-இல் இறந்தபின் அவன் உறவினன் செனரத் அவளை மணந்தான். 1613-இல் அவள் இறந்தாள். செனரத்துக்குப் பிறந்த அவள் மகன்தான் இரண்டாம் இராஜசிங்கன். ஒல்லாந்தருக்கு அவன் எழுதிய கடிதங்கள் போர்த்துக்கேய மொழியில் இருக்கின்றன.

அந்த மகனிடம் 1660-இல் ஓர் ஆங்கிலேயன் சிக்கினான். ரொபர்ட் நொக்ஸ். கொட்டியாரக் குடாவில் பிடிபட்டவன். பத்தொன்பது ஆண்டுகள் கண்டி நாட்டில் கைதி. சிறையில் போடவில்லை, ஊருக்குள் விட்டார்கள். தொப்பி பின்னி விற்றான், நெல் வட்டிக்குக் கொடுத்தான், உடுநுவரையில் எலதெத்தவில் வீடு கட்டினான். 1679-இல் அரிப்புக் கோட்டைக்குத் தப்பி ஓடி, 1681-இல் லண்டனில் புத்தகம் போட்டான். அதில் கண்டிப் பெரஹெரா ஊர்வலத்தைப் பற்றி எழுதும்போது யானைகளில் வரும் தெய்வங்களின் பெயர்களைக் காதால் கேட்டபடி எழுதுகிறான். அலுத்நுவர ‘தியோ’. கொத்தரகம் ‘தியோ’. பொத்திங் ‘தியோ’.

அந்தத் தியோவை முதன்முறை படித்தபோது நான் இத்தாலியனோ ஸ்பானியமோ உள்ளே புகுந்துவிட்டதென்று நினைத்தேன். இல்லை. அது நம் பக்கத்து வீட்டுச் சிங்களத் ‘தெய்யோ’. தேவ, தெவி, தெவியோ, தெய்யோ. ஆனால் ஸ்பானியத் தியோஸுக்கும் சிங்களத் தெய்யோவுக்கும் மேலே போனால் பாட்டன் ஒருவனே. வானத்தின் ஒளியைக் குறித்த பழைய வேரிலிருந்து இலத்தீன் தேயுஸும் வந்தது, சமஸ்கிருத தேவனும் வந்தது. 1786-இல் கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ் இந்த மொழி உறவைப் பேசியபிறகு உலகம் அதை ஏற்றுக்கொண்டது. (ஒலி ஒத்ததெல்லாம் உறவு ஆகாது. கிரேக்கத் ‘தெயோஸ்’ தேவனுக்குச் சொந்தமில்லை. மெக்சிகோத் ‘தெயோத்ல்’ அறவே இல்லை. நம் ‘தெய்வம்’ வடமொழித் தைவம் என்று அகராதிகள் சொல்லும். தேவநேயப் பாவாணரின் வழிவந்தவர்கள் சண்டைக்கு வருவார்கள். நான் ஒதுங்கிக்கொள்கிறேன்.) ஆக, மன்னாரில் ஒரு பாதிரியார் அழித்த ‘தேவி’யும், அவர் சொல்ல மறுத்த ‘தேயுசா’வும் ஒரே குடும்பத்துப் பெண்கள். அவருக்கு அது தெரிந்திருக்க வழியில்லை.

நொக்ஸ் எழுதிய பொத்திங் தியோ யார்? பத்தினி தெய்யோ. பெண் தெய்வம். ஆனால் சொல்லைப் பாருங்கள். கதிர்காமக் கந்தனுக்கு எந்தத் தெய்யோவோ, பத்தினிக்கும் அதே தெய்யோ. ‘ஓ’ என்று முடிவது மரியாதைப் பன்மை. நாம் ‘அவர்’, ‘அவர்கள்’ என்கிற மாதிரி. சிங்களத்தில் பெண்பாலாகச் சொல்லத் ‘தேவதாவி’ போன்ற சொற்கள் இல்லாமல் இல்லை. பத்தினிக்கு முன்னால் நிற்கிறவர்கள் அதை எடுப்பதில்லை. ஒன்று தெய்யோ என்பார்கள், இல்லாவிட்டால் ‘பத்தினி மெணியோ’ என்பார்கள். மெணியோ என்றால் அம்மா, மரியாதையோடு. தொனான்ட்சின் என்று தெபெயாக் குன்றில் சொன்னதற்கு நேர் மொழிபெயர்ப்பு வேண்டுமானால் இதுதான்.

பத்தினி யாரென்று தமிழ் வாசகர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. புகாரில் பிறந்து மதுரையை எரித்தவள். சேரன் செங்குட்டுவன் வஞ்சியில் அவளுக்குக் கல் நாட்டியபோது இலங்கை மன்னன் கயவாகுவும் இருந்தான் என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. சிங்கள மரபில் முதலாம் கஜபாகு சோழ நாட்டுக்குப் போய்ச் சிறைப்பட்ட பன்னீராயிரம் பேரை மீட்டு, மேலும் பன்னீராயிரம் பேரையும் பத்தினியின் சிலம்பையும் கொண்டுவந்தான். கனநாத் ஒபேசேகர 1984-இல் வெளியிட்ட பத்தினி வழிபாட்டைப் பற்றிய பெருநூலில் இந்தக் கஜபாகு கதையை அப்படியே வரலாறாக எடுத்துக்கொள்ள முடியாது என்று விரிவாக வாதாடினார். தென்னிந்தியாவிலிருந்து மக்கள் வந்து குடியேறியதை விளக்கப் பிறந்த கதை என்பது அவர் கட்சி. எனக்கும் அது சரியென்றே படுகிறது. கதை எப்படி வந்தாலும் சிலம்பு வந்தது உண்மை. சிங்களத்தில் அது ‘சலம்ப’. பத்தினிக்கு வடிவமே அதுதான்.

வந்தவள் இங்கே பல வீட்டுப் பிள்ளையாகிவிட்டாள். சிங்களக் கதையில் அவள் மாங்கனியிலிருந்து பிறக்கிறாள். பாண்டியனுக்கு நெற்றியில் மூன்றாவது கண். யாராலும் வீழ்த்த முடியாத அந்த மாங்கனியைக் கிழவன் வேடத்தில் வந்த சக்கரன் அம்பெய்து வீழ்த்துகிறான். பூவிலும் நீரிலும் நெருப்பிலும் என்று ஏழு பிறப்பு. ‘சத் பத்தினி’, ஏழு பத்தினி. கோவலன் பெயர் ‘பாலங்க’. ஊருக்குப் பஞ்சமோ நோயோ வந்தால் கொம்பிழுக்கும் ‘அங்கெலிய’ நடக்கும். ஊர் இரண்டு பக்கமாகப் பிரிந்து, ஒரு பக்கம் பாலங்கவுக்கு, ஒரு பக்கம் பத்தினிக்கு. மட்டக்களப்பார் இதைக் ‘கொம்புமுறி’ என்பார்கள். அங்கே வடசேரி கோவலனுக்கு, தென்சேரி கண்ணகிக்கு. தோற்ற பக்கம் வாங்கும் வசவுக்கு இரண்டு மொழியிலும் குறைவில்லை.

‘கம்மடுவ’ என்ற சடங்கில் அவளாக ஆடுகிறவர் ஆண் பூசகர். சேலை உடுத்தி, நகை பூட்டி, கையில் சிலம்பை எடுத்தால் அவர் பத்தினி. அந்தப் பூசகர்களுக்குப் ‘பத்தினிஹாமி’ என்றே பெயர். ஆண் அவளாகிறார். அவள் என்னவாகப் போகிறாள் என்பது அதைவிடச் சுவாரசியம். பத்தினி வருங்காலத்தில் புத்தராவதற்கு நோற்கிறவள் என்பது சிங்கள பௌத்தர் நம்பிக்கை. பழைய மரபுப்படி பெண் பிறப்பில் புத்தராக முடியாது. ஆகவே ஏதோ ஒரு பிறவியில் அவள் ஆணாகப் பிறந்தாக வேண்டும். தெய்யோ என்ற பால் காட்டாத சொல் அவளுக்கு எவ்வளவு தோதாக இருக்கிறது! வாலில் ஒரு ‘ஆ’வை ஒட்டி அவளைத் தியோசா ஆக்கியிருந்தால் பாதி வழியிலேயே நின்றிருப்பாள். இது இலக்கணக்காரர்கள் ஏற்கும் விளக்கமா என்று தெரியாது. எனக்குப் பிடித்த விளக்கம்.

கண்டியில் அவளுக்குத் தேவாலயம் தலதா மாளிகைக்கு எதிரே, நாத தேவாலயத்துக்கு அடுத்தாற்போல். (தமிழகத்திலிருந்து வரும் நண்பர்கள் தேவாலயம் என்றதும் சிலுவையைத் தேடுவார்கள். கண்டியில் தேவாலயம் என்றால் சிங்களத் தெய்வக் கோயில்.) நாதர், விஷ்ணு, கதிர்காமம், பத்தினி, இந்த நான்கு தெய்வங்களின் விழாவாக இருந்ததுதான் எசல பெரஹெரா. நொக்ஸ் பார்த்தது அதைத்தான். நாயக்க வம்சத்துக் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் காலத்தில், 1753-இல் சீயத்திலிருந்து உபாலி தேரரின் குழு வந்தபின்னரே தந்ததாது ஊர்வலத்தின் தலைப்புக்கு வந்தது. நான்கு தேவாலயங்களும் அதன் பின்னால் போயின. பத்தினி கடைசி. ஆண்களே ஆடி ஆண்களே அடித்து வரும் ஊர்வலத்தில் பெண்கள் ஆடி வருவது அவள் பகுதியில். அவளுக்குப் பின்னால் ரந்தோலிப் பல்லக்குகள். ஒரு காலத்தில் கண்டி அரசிமார் ஏறிப்போன வகை. தெய்வமான நாச்சியாருக்குப் பின்னால் நாச்சியாரான தேவிகள்.

பத்தினியை மெணியோ என்று அழைக்கப் பெரிய காரணம் நோய். சின்னமுத்து, கொப்புளிப்பான், வைசூரி எல்லாம் அவள் இலாகா. சிங்களத்தில் இவற்றுக்குப் பொதுப்பெயர் ‘தெய்யன்கே லெட’, தெய்வத்தின் நோய். வைசூரி அவர்களுக்கு ‘வசூரிய’, நம் சொல்லேதான். சின்னமுத்துக்கு அவர்கள் சொல் ‘சரம்ப’. அது போர்த்துக்கேய ‘சரம்போ’, ஸ்பானியத்தில் ‘சரம்பியோன்’. நோயின் பெயர் பறங்கி கொண்டுவந்தது, ஆற்றுகிறவளின் பெயர் காவிரிக்கரையிலிருந்து வந்தது. பிள்ளைக்குக் குணமானால் ‘கிரி அம்மா தானம்’: ஊரிலுள்ள மூத்த தாய்மார் ஏழு பேரை அழைத்துப் பாற்சோறு கொடுப்பார்கள். கிரி என்றால் பால். பாலம்மாக்கள். அந்த ஏழு பேரில் பக்கத்து வீட்டுப் பல்லில்லாத கிழவியும் ஒருத்தியாக இருப்பாள். அந்தச் சாப்பாட்டு நேரத்துக்கு அவள் தெய்வம்.

எங்கள் தோட்டத்து லயத்தில் எனக்கு அம்மை போட்டபோது அப்பாயி சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. “ஆத்தா வந்திருக்கா, சத்தம் போடாதீங்கடா.” நோய் வந்ததாக அவள் சொல்லவேயில்லை. விருந்தாளி வந்த வீடு மாதிரி வாசலில் வேப்பிலை செருகினாள், தாளிப்பு நின்றது, யாரும் உரக்கப் பேசக்கூடாது. பதினொன்றாம் நாள் தண்ணீர் ஊற்றி ஆத்தாவை வழியனுப்பினாள். கீழே நாட்டுக்குள்ளிருந்து பால் கொண்டுவரும் சிங்களத்து அம்மாவும் வாசலில் வேப்பிலையைக் கண்டதும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பாத்திரத்தை நீட்டினாள். மாரியும் பத்தினியும் வேறு வேறு என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டாள். கோப்பிக் காலத்தில் மன்னாரிலிருந்து காட்டுவழி நடந்தே கண்டிச் சீமைக்கு வந்தவர்கள் மாரியம்மனையும் கூடக் கொண்டுவந்தார்கள். மாத்தளை முத்துமாரிக்கு மாசி மகத்தில் ஐந்து தேர் ஓடுகிறது.

எல்லா இடத்திலும் அம்மா இப்படித் தப்பவில்லை. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் கண்ணகியைச் சமணச் செட்டிப்பெண் என்று கண்டித்தார். அதன்பின் அங்கே சில கண்ணகி கோயில்கள் இராஜராஜேஸ்வரி கோயில்களாயின. பெயர்ப்பலகை மாறிய கோயிலுக்கும் கிழவிகள் வைகாசியில் அதே பொங்கல் பானையைத்தான் தூக்கிக்கொண்டு போனார்கள். மட்டக்களப்பில் மாற்ற யாரும் துணியவில்லை. அங்கே அவள் கண்ணகை அம்மன். வைகாசிக் குளிர்த்தியில் இன்றும் ஊர் திரள்கிறது.

போன மாதம் ஒரு சனிக்கிழமை பத்தினி தேவாலயத்துக்குப் போயிருந்தேன். புதனும் சனியும் ‘கெம்முற’ நாள்கள், கூட்டம் இருக்கும். வாசலுக்கு வெளியே தட்டு விற்கிறவர்கள் வரிசை: வெற்றிலை, தேங்காய், பழம், ஊதுபத்தி, பூ. முகத்தில் கொப்புளிப்பான் தழும்பு இன்னும் ஆறாத ஒரு பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு இளம் தாய் ஒருத்தி விலை கேட்டாள். தட்டுக்காரி, “மல் கன்ன, நோனா” என்று தாமரையை எடுத்து நீட்டினாள். பூ வாங்குங்கள், நோனா. கடைத்தெருவில் நாள் முழுக்கக் கேட்கும் சொல். தோட்டத்தில் துரைக்கு ஜோடி நோனா. வீட்டு வேலைக்காரிக்கு முதலாளி அம்மா நோனா. பஸ்ஸில் இடம் கேட்கிறவருக்கு எதிரே இருக்கும் எவளும் நோனா. மொழி தெரிந்தவர்கள் இதைப் போர்த்துக்கேயத் தோனாவிலிருந்து வந்ததென்பார்கள்.

அந்தத் தாய் தாமரை வேண்டாமென்று மல்லிகை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

தோனா கத்தரீனாவின் பெற்றோரைத் திருகோணமலையில் கொன்ற வைசூரி, 1697-இல் அவர்களுடைய தலைநகருக்கே வந்தது. அப்போது அரியணையில் இருந்தவன் அவளுடைய பேரன், இரண்டாம் விமலதர்மசூரியன். வசதியுள்ளவர்கள் நகரை விட்டு ஓடினார்கள். நோயாளிகளைத் தூக்க ஆளில்லை. அந்தத் தெருக்களில் தமிழும் சிங்களமும் படித்திருந்த கோவாக்காரர் ஒருவர், இருபது ஆண்டுகளுக்கு முன் தன்னை மாதாவுக்கு அடிமையென்று எழுதிக் கையெழுத்திட்டவர், கஞ்சிப் பானையோடு வீடு வீடாக ஏறி இறங்கினார். யோசேவாஸ் அடிகளாரின் கதை அடுத்த வாரம்.